திருமலைக்குத் திரும்புவதா, ஊரில் நிற்பதா?

மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இளம் குடும்பங்கள் இன்று அடிக்கடி பேசிக்கொள்ளும் விடயம் ஒன்று உண்டு. "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருமலைக்கே திரும்பிப் போய்விடலாமா?" என்பதே அது. வயல் வரம்பிலும், கிளினிக் வாசலிலும், கோவில் வீதியிலும், ஞாயிறு பூசை முடிந்து நிற்கும்போதும் இந்தக் கேள்வி எழுகிறது. இதைக் கேட்டதும் பெரியோரின் மனம் நோகிறது. "தம்பி, இதுக்காகவா ஒன்பது வருசம் முகாமில கிடந்து காணியக் கேட்டம்?" என்கிறார்கள். நகரிலுள்ள உறவினரோ, "அங்க என்ன கிடக்கு? பிள்ளைகளின்ர படிப்பப் பாருங்க" என்கிறார்கள். இரு பக்கமும் சத்தம் பெரிதாக இருக்கிறது. நடுவில் கைக்குழந்தையோடு நிற்கும் கணவனும் மனைவியும் அமைதியாக இருந்து கணக்குப் பார்க்க ஒருவரும் விடுவதில்லை. அந்தக் கணக்கைச் சேர்ந்து பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பயிர்செய்யக்கூடிய காணியும் தண்ணீரும் கையில் உள்ள குடும்பம், பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் காலத்தில் ஊரில் நிற்பதே நல்லது. போகவேண்டிய தேவை வந்தால் போவதில் குற்றமில்லை. ஆனால் காணியின் பத்திரத்தையும் பயிரையும் ஒழுங்குசெய்யாமல் ஒரு குடும்பமும் வண்டியில் சாமான் ஏற்றக்கூடாது.

இக்கேள்வி ஏன் இப்போது எழுகிறது?

2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக் குண்டுவீச்சோடு சம்பூர்ப் பகுதி மக்களின் ஓட்டம் தொடங்கியது. யூலையில் மாவிலாற்று அணை மூடப்பட்டது. அதைத் தொடர்ந்து சண்டை பெருத்தது. ஓகஸ்ட் மாதம் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினர். செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூர் இராணுவத்தின் வசமானது. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, நவரட்ணபுரம் முதலிய ஊர்களின் மக்கள் வாகரைக்கும் பின் மட்டக்களப்புக்கும் போய், கடைசியில் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் வந்து சேர்ந்தனர். பலர் திருகோணமலை நகரில் உறவினர் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் ஒதுங்கினர்.

2007இல் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அதில் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து அனல் மின்நிலையம் அமைக்கவும் நிலம் எடுக்கப்பட்டது. மக்கள் விடாமல் கேட்டார்கள்; மனுக் கொடுத்தார்கள்; வழக்குப் பேசினார்கள். 2015 மே மாதத்தில் அந்த 818 ஏக்கர் ஒதுக்கீடு நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதமளவில் குடும்பங்கள் பற்றை வெட்டிக் கொட்டில் போடத் தொடங்கின. 2016இல் கடற்படை முகாம் நின்ற இடத்திலும் காணி விடுபட்டது. அதே ஆண்டு அனல் மின்நிலையத் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கு சூரிய மின்னுற்பத்தித் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்த ஆண்டுகளை ஒரு பிள்ளையின் வயதோடு சேர்த்துப் பாருங்கள். 2006இல் பத்து வயதாக இருந்த சிறுவன், ஊருக்குத் திரும்பியபோது பத்தொன்பது வயது இளைஞன். இன்று முப்பது வயதில் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். தகப்பனின் பின்னால் வரம்பில் நடந்து வேளாண்மை பழகவேண்டிய வயதை அவன் தறப்பாள் கொட்டிலில் கழித்தான். தண்ணீர் முறை, விதைநெல் தெரிவு, மாட்டின் நோய், மழையின் குறி எல்லாம் அவனுக்குச் சொல்லிக் கேட்டவை. செய்து பழகியவை அல்ல. அவன் கற்ற தொழில் மேசன் வேலையோ, ஹோட்டல் வேலையோ, கடை வேலையோதான். அதுவும் நகரத்தில் கற்றது. அவனுடைய மனைவியும் அப்படியே முகாமில் வளர்ந்தவள்.

ஆகவே தகப்பனின் கேள்வியும் மகனின் கேள்வியும் ஒன்றல்ல. தகப்பன், "எப்போது ஊருக்குப் போவோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகன், "இந்த ஊரில் நான் எப்படிச் சீவிப்பேன்?" என்று கேட்கிறான். இதை நன்றிகெட்ட கேள்வி என்று பெரியோர் எடுத்துக்கொள்ளக்கூடாது. அவன் கற்காமல் போன வேளாண்மையைக் கற்றுக்கொடுக்கும் கடமை இன்னும் அவர்களிடமே இருக்கிறது.

நகரத்தின் பக்கத்து நியாயம்

நகரத்தை ஆசை என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது சரியல்ல. நோய் வந்தால் திருகோணமலைப் பொது வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது. கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி என நெடுங்காலப் பெயர் பெற்ற பாடசாலைகள் இருக்கின்றன. விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் படிப்பிக்க ஆசிரியர் உண்டு, ரியூசன் உண்டு. ஊர்ப் பாடசாலையிலோ ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அந்தப் பாடம் மாதக்கணக்கில் நின்றுபோகிறது. இரவில் யானை வருமென்ற பயத்தில் குழந்தையை அணைத்தபடி விழித்திருக்கும் தாய்க்கு நகரத்தின் தெரு விளக்கு பெரிய ஆறுதல்தான். கொட்டியாரக்குடாவின் இக்கரையில் நின்றால் அக்கரை வெளிச்சம் தெரிகிறது. அதைப் பார்த்து மனம் இழுபடுவது மனித இயல்பு.

ஆனால் நகரத்தில் கிடைப்பது எது, கிடைக்குமென்று நாம் நினைப்பது எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலில் பாடசாலையைப் பாருங்கள். பெயர்பெற்ற பாடசாலையில் முதலாம் தர அனுமதிக்குப் புள்ளி வழங்கும்போது, அப்பகுதியில் எத்தனை ஆண்டு குடியிருந்தீர்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் உண்டா, வீட்டுக்கு என்ன பத்திரம் உண்டு என்றெல்லாம் பார்க்கிறார்கள். நேற்று வந்து வாடகை அறையில் குடியேறிய குடும்பத்துக்கு அந்தப் புள்ளி இல்லை. பிள்ளை நகரத்தின் ஏதோவொரு சிறிய பாடசாலைக்கே போகும். அது ஊர்ப் பாடசாலையைவிடப் பெரிதும் மேலானது என்று சொல்லமுடியாது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் நன்றாகச் செய்த பிள்ளைக்கோ, தரம் ஆறில் பெரிய பாடசாலைக் கதவு திறக்க வழியுண்டு. பல்கலைக்கழக அனுமதியிலும் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையில் நடக்கிறது. மூதூரும் திருகோணமலை நகரும் ஒரே மாவட்டம். எனவே நாலு வயதுப் பிள்ளையின் படிப்புக்காக இன்றே வீட்டைப் பூட்டவேண்டிய அவசரம் எதுவும் இல்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் நேரம் இருக்கிறது.

அடுத்தது தொழில். நகரத்தில் துறைமுகமும், சீனன்குடாவில் மா ஆலையும், சீமெந்து ஆலையும் இருக்கின்றன. ஆனால் அங்கே நிரந்தர வேலை எடுப்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. எம்மவர் பெரும்பாலும் நாட்கூலிக்கே போகிறார்கள். அல்லது உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குப் போகிறார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்போடு உல்லாசப் பயணிகள் வரவு நின்றது. 2020இல் கொவிட் நோயால் ஊரடங்கு வந்தது. 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்தில் ஏறத்தாழ 95 வீதம் கூடியிருந்தது. நாலு வருடத்துக்குள் மூன்று தடவை நாட்கூலி நின்றுபோயிற்று. வீட்டு வாடகை ஒரு மாதமும் நிற்கவில்லை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. ஊரில் தேங்காய், முருங்கையிலை, விறகு, கிணற்றுத் தண்ணீர், மாமியின் கையில் குழந்தை ஆகியவற்றுக்கு விலை இல்லை. நகரத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் காசு. இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. ஒருவர் மட்டும் போனால் வாடகை கட்டக் காணாது. பிள்ளைக்காகப் போன குடும்பத்தில் பிள்ளைதான் பூட்டிய அறைக்குள் போன் பார்த்தபடி தனித்து இருக்கிறது.

வயலின் பக்கத்துக் கணக்கு

வயலையும் அதே கண்ணால் பார்ப்போம். எமது நாட்டில் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 முதல் 110 கிலோ அரிசி உண்கிறார். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஏறத்தாழ 430 கிலோ வேண்டும். அதை நெல்லாகப் பார்த்தால் 660 கிலோ வரை, அதாவது 32 புசல் அளவு வரும். மழையை நம்பிய வயலென்றாலும் மழை ஒத்துவந்தால் ஒரு ஏக்கரில் ஒரு பெரும்போகத்தில் இதை எடுக்கலாம். குளத்துத் தண்ணீர் பாயும் வயலென்றால் அரை ஏக்கருக்கும் குறைவாகவே போதும். 2022இல் நகரத்தார் அரிசிக் கடையில் நின்றபோது, மூடை அடுக்கிய வீடு பசி கிடக்கவில்லை. இது சிறிய காரியமல்ல.

ஆனாலும் நெல் மட்டும் சீவியமாகாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் வீழ்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி, மூதூர், வெருகல் தாழ்நிலங்களை மூடியது. மாவிலாற்று அணைக்கட்டும் உடைப்பெடுத்தது. விதைத்த பயிர் போனது; மாடுகள் போயின. யானை இன்னும் வருகிறது. கடனுக்கு டிராக்டர் பிடித்து, கடனுக்கு உரம் வாங்கி, அறுவடை நாளில் வாங்குபவர் சொன்ன விலைக்கு நெல்லைக் கொடுக்கிற கமக்காரனிடம், "ஊரில் நில்" என்று உபதேசம் செய்வது எளிது.

ஆகவே நாம் சொல்வது இவ்வளவே: சாப்பாட்டுக்கு நெல், கைக்காசுக்கு வேறொரு தொழில். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பின், முன்போல் துறைக்குத் துறை படகு பார்த்து நிற்கவேண்டியதில்லை. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையிலுள்ள மாதங்களில் கணவன் நகரத்தில் மேசன் வேலை செய்து, கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம். முழுக் குடும்பத்தையும் பெயர்த்துக் கொண்டுபோவதைவிட இது செலவு குறைந்த வழி. அவன் கற்ற தொழிலும் கைவிட்டுப் போகாது. தகப்பனின் வயலும் தரிசு கிடக்காது.

காணி கைவிடப்பட்டால் என்ன நடக்கும்?

ஊரை விட்டுப் போவது வேறு, காணியைக் கைவிடுவது வேறு. ஆனால் முதலாவது மெல்ல மெல்ல இரண்டாவதாக மாறிவிடும். அதைத்தான் அஞ்சவேண்டும்.

தென்னமரவடி மக்களை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பரில் ஓடியவர்கள் முல்லைத்தீவுப் பக்கம் தங்கினர். 2010ஆம் ஆண்டளவில் திரும்பத் தொடங்கியபோது கால் நூற்றாண்டுக் காடு வயலில் நின்றது. எல்லைக்கல் எது, வரம்பு எது என்று சொல்லக்கூடிய முதியோர் பலர் இறந்துவிட்டனர். எமது மாவட்டத்தில் இப்படிக் காடேறிய எத்தனையோ வயல்கள் வனத் திணைக்களத்தின் காணி என்று குறிக்கப்பட்டு, உரியவர்கள் அலைந்து திரிந்தார்கள். அவர்கள் உயிருக்கு அஞ்சி ஓடியவர்கள். விரும்பி விட்டவர்கள் அல்ல. இன்று நாமே விரும்பிப் பூட்டிவிட்டுப் போனால் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். உறுதிக் காணியை வேறொருவர் பத்து ஆண்டுகள் தடையின்றித் தனது என்று ஆண்டுவந்தால், ஆட்சியுரிமை கோரி வழக்குப் பேசலாம். போர்க்காலத்தில் ஓடியவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே மாதம் முதல் 2009 மே மாதம் வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடச் சலுகை தந்தது. அதற்கும் வழக்குப் போட இரண்டு ஆண்டுத் தவணைதான் இருந்தது, அது முடிந்துவிட்டது. இனி விட்டுப்போகும் காலத்துக்கு அப்படியொரு சலுகை இல்லை. அரச உத்தரவுப்பத்திரக் காணியென்றால், குடியிருக்கவேண்டும், பயிர்செய்யவேண்டும் என்ற நிபந்தனைகள் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அவற்றை மீறினால் அறிவித்தல் அனுப்பி விசாரித்து, பத்திரத்தை இரத்துச்செய்ய முடியும்.

திருவிவிலியத்தில் இறைவாக்கினர் எரேமியா செய்த ஒரு காரியம் உண்டு. பாபிலோன் படை எருசலேம் நகரை முற்றுகையிட்டிருந்த வேளை அது. அவர் காவலில் அடைபட்டிருந்தார். அந்த நேரத்திலும் அனத்தோத்து ஊரில் இருந்த தமது உறவினரின் வயலை வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, அது கெட்டுப்போகாமல் மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். நம்பிக்கையை அவர் வாயால் மட்டும் பேசவில்லை. பத்திரம் முடித்து வைத்தார். எமக்கும் அதுவே வழி.

போவதென்று முடிவானால்

காணி இன்னும் கையில் கிடைக்காத குடும்பங்களும், கிடைத்தும் தண்ணீரில்லாத குடும்பங்களும், நாளாந்தம் வைத்தியசாலை தேவைப்படும் பிள்ளை உள்ள குடும்பங்களும் நகரத்தில் இருப்பதே நியாயம். அவர்களை ஒருவரும் குறைசொல்லக்கூடாது. அப்படிப் போகிறவர்கள் இவற்றைச் செய்துவிட்டுப் போகட்டும்:

1. உறுதி, உத்தரவுப்பத்திரம், நில அளவைப்படம், பிறப்புச் சான்றிதழ் யாவற்றுக்கும் பிரதி எடுத்து வேறு வேறு இரண்டு வீடுகளில் வையுங்கள். முகாம் வாழ்க்கையில் பத்திரம் தொலைத்தவர்கள் பட்ட பாட்டை நாம் மறக்கக்கூடாது.

2. கமநல சேவை நிலையத்துக்குப் போய், வயற்காணிப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரும் செய்கையாளர் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

3. வயலைத் தரிசாக விடாதீர்கள். சகோதரனுக்கோ அயலவனுக்கோ கொடுப்பதென்றாலும் எத்தனை போகம், என்ன குத்தகை என்று எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சில் கொடுத்த காணியே பின்னால் பகையாகிறது. குத்தகைச் செய்கையாளருக்கும் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் உரிமைகள் உண்டு. அவற்றை அறிந்து, இரு பக்கமும் நீதியாக எழுதுங்கள். உத்தரவுப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தில் கேளாமல் ஒன்றும் செய்யாதீர்கள்.

4. உத்தரவுப்பத்திரத்துக்குப் பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்துவிடுங்கள். நெடுங்காலம் சட்டம் ஆண்பிள்ளையையே முன்வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பெண்பிள்ளைக்கும் சம இடம் உண்டு.

5. போவதற்குத் தவணை வையுங்கள். "பிள்ளை சாதாரண தரம் எழுதும்வரை", "மூன்று பெரும்போகம்வரை" என்று நாள் குறித்துப் போகிறவர் திரும்பி வருவார். நாள் குறிக்காமல் போகிறவர் நல்லநாள் பெருநாளுக்கு மட்டுமே வருவார்.

முடிவெடுப்பது யார்?

எமது பகுதியில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வருகின்றன. அப்படியிருந்தும், போவதா நிற்பதா என்று ஆண்கள் கூடிப் பேசி முடித்த பின்தான் அவளுக்குச் சொல்லப்படுகிறது. தண்ணீர் அள்ளுபவள் அவள். நடு இரவில் காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கி ஓடுபவள் அவள். நகரத்து அறையில் நாள் முழுதும் அடைபடப்போகிறவளும் அவளே. அவள் வாயால், "போவோம்" அல்லது "நிற்போம்" என்று சொல்லாத முடிவு நிலைக்காது. மாமன் மாமியும் தாய் தகப்பனும் தங்கள் மனநோவைச் சொல்லலாம். ஆனால் அதைப் பிள்ளைகள்மேல் சாபமாகப் போடக்கூடாது.

இன்னொன்று, வெள்ளம் வடிந்த மறுநாளும், கடன்காரர் வந்துபோன மாலையும் முடிவெடுக்க ஏற்ற நேரமல்ல. சூடடித்து, கடன் கட்டி, மிஞ்சியதை எண்ணிப் பார்த்த பின் ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதுங்கள். ஊரில் வரவு செலவு ஒரு பக்கம், நகரத்தில் வரவு செலவு மறுபக்கம். மூதூர்ச் சந்தை விலையையும் திருமலை வாடகையையும் நேரில் கேட்டு எழுதுங்கள். உறவினர் சொன்ன கதையை எழுதாதீர்கள்.

திருச்சபைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும்

மீள்குடியேறிய குடும்பம் இத்தனை என்று அறிக்கை எழுதியதோடு எமது வேலை முடிந்துவிடவில்லை. குடும்பம் குடியேறியது ஒரு நாளில். அது அங்கே நிலைக்க இருபது வருடம் வேண்டும். தரம் ஆறுக்கு நகரப் பாடசாலை கிடைத்த பிள்ளைக்கு, எந்தச் சமயத்தவராயினும், குறைந்த செலவில் தங்க ஒரு விடுதி இருந்தால், அந்த ஒரு பிள்ளைக்காக ஐந்துபேர் இடம்பெயரத் தேவையில்லை. ஊர்ப் பாடசாலைக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியர், முன்பள்ளிக்கு ஒரு கூரை, காலையும் மாலையும் நேரத்துக்கு வரும் ஒரு பஸ், யானைவேலியைப் பார்த்துத் திருத்த ஒரு குழு ஆகியவை கிடைத்தால் இக்கேள்வியே பாதியாகக் குறைந்துவிடும். இவற்றைப் பிரதேச சபையிடமும் கல்வி வலயத்திடமும் கேட்பதற்கு மக்களோடு சேர்ந்து எமது பங்குகளும் போகவேண்டும்.

இளம் பெற்றோரே, உங்களை ஒருமுறை துப்பாக்கி விரட்டியது. ஒருமுறை வர்த்தமானி வெளியே நிறுத்தியது. இந்தமுறை முடிவு உங்கள் கையில் இருக்கிறது. எமது மக்களுக்கு இப்படிக் கிடைப்பது அரிது. எனவே அவசரப்படாதீர்கள். நின்றால், பெரியோரிடம் வேளாண்மையைக் கேட்டுப் படித்து நில்லுங்கள். போனால், வயலில் யாராவது விதைக்கும்படி செய்துவிட்டு, திரும்பிவரும் நாளையும் சொல்லிவிட்டுப் போங்கள்.